ஓர் ஆள் நிற்கும் இடம்

சூர், தென் லெபனான்
1962 ஜனவரி 10

தம்பி வஹீபுக்கு அக்கா ஸபீஹா எழுதுவது. இறைவன் கருணையால் இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அதை நீ விசாரிப்பதுமில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுது.

மழை விட்டுவிட்டது. தோட்டங்களில் ஆரஞ்சு பறிக்கிறார்கள். உன் அண்ணன் முனீஃபின் சலூனில் கூட்டத்துக்குக் குறைவில்லை. கத்தரிக்கோலைவிட அவன் வாய்தான் அதிகம் வேலை செய்கிறது.

நோன்புப் பெருநாள் மார்ச்சில் வருகிறது. வழக்கம்போல் இரண்டாம் நாள் என் ஸ்டூடியோவில் குடும்பப் படம் எடுப்பேன். முனீஃப், அவன் மனைவி அத்லா, மகன் நஸீஹ், நான். ஒன்று மட்டும் வழக்கம்போல் இருக்காது. இந்த முறை உனக்கு இடம் விட மாட்டேன்.

நீ டக்காருக்குக் கப்பல் ஏறிப் பதினாறு வருடமாகிறது. ஒவ்வொரு பெருநாளுக்கும் முனீஃபுக்கும் நஸீஹுக்கும் நடுவில் ஓர் ஆள் இடம் விட்டு எல்லோரையும் நிறுத்துகிறேன். பிறகு நீ போகுமுன் எடுத்த படத்தை வெட்டி அங்கே ஒட்டுகிறேன். விளிம்பு தெரியாமல் தூரிகையால் சரிசெய்து மறுபடி படம் பிடிக்கிறேன். இந்த ஊரில் பாதி வீடுகளுக்கு இப்படித்தான் ஒட்டிக் கொடுக்கிறேன். ஆனால் மற்ற வீடுகளிலிருந்து கடல் கடந்து போனவர்கள் புதுப் படம் அனுப்புகிறார்கள். அவர்களுக்குத் தலை நரைக்கிறது, தொப்பை விழுகிறது. நீ மட்டும் இருபத்தேழு வயதிலேயே, அதே கோடு போட்ட டையோடு நிற்கிறாய். போன வருடப் படத்தைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் நஸீஹைக் காட்டி, "இந்த மீசைக்காரரோட தம்பியா அது?" என்று உன்னைக் கேட்டார். உன் அண்ணன் மகனுக்கு உன்னைத் தம்பியாக்கிவிட்டாய்.

அப்பா இறந்தபோதும் நீ வரவில்லை. நாற்காலியில் உன் படத்தை வைத்தேன். துக்கம் கேட்க வந்தவர்கள் படத்துக்கு ஆறுதல் சொல்லிவிட்டு எனக்குச் சொல்ல மறந்து போனார்கள். நான் அதை மறக்கவில்லை.

ஆகவே புதுப் படம் அனுப்பு. இல்லாவிட்டால் தோளோடு தோள் ஒட்டி நிறுத்திவிடுவேன்.

உன் அக்கா,
ஸபீஹா

*

டக்கார்
1962 பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு, வஹீபின் வணக்கமும் ஸலாமும். நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? சூடான எண்ணெய் தடவுகிறீர்களா? முனீஃப் அண்ணன், அண்ணி, நஸீஹ் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கடையில் வேலை அதிகம். துணி மூட்டைகள் துறைமுகத்தில் இறங்கியிருக்கின்றன. இங்குள்ள ஸ்டூடியோக்காரர்கள் உங்களைப்போல் எடுப்பதில்லை, அதனால்தான் போகவில்லை. பழைய நெகடிவ் இன்னும் நன்றாகத்தானே இருக்கிறது? இந்த ஒரு முறை மட்டும் அதையே வையுங்கள். அகலமாக வேண்டாம், ஒரு தோள் நுழையும் அளவு போதும்.

பெருநாளன்று அத்லா அண்ணி மஅமூல் பலகாரம் செய்வாரா? பேரீச்சம்பழம் வைத்ததா, பிஸ்தா வைத்ததா? அந்த வாசனை இங்கே எதிலும் இல்லை.

உங்கள் தம்பி,
வஹீப்

*

சூர்
1962 பிப்ரவரி 23

தம்பி வஹீபுக்கு, நோன்பு நல்லபடியாகப் போகிறது. முழங்காலுக்கு எண்ணெய் தடவினேன். பலனில்லை. விசாரித்ததற்கு நன்றி, நான் சொன்ன பிறகுதான் விசாரித்தாய் என்றாலும்.

உன் கடிதத்தின் பின்பக்கம் பென்சிலால் ஓர் ஆடு வரைந்திருக்கிறது. அதற்கு ஐந்து கால். யார் வரைந்தது?

பழைய நெகடிவ் நன்றாகத்தான் இருக்கிறது. பெட்டியில் பூட்டிவிட்டேன். சாவியை எங்கே வைத்தேன் என்று முனீஃபிடமும் சொல்லவில்லை.

அக்கா,
ஸபீஹா

*

சூர்
1962 மார்ச் 14

தம்பி வஹீபுக்கு, பெருநாள் வாழ்த்து. எல்லோரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கேட்டதற்குப் பதில் எழுதாதவனுக்கும் வேண்டிக்கொள்ளலாம் என்றுதான் பள்ளிவாசலில் சொல்கிறார்கள்.

படம் எடுத்தாகிவிட்டது. நடந்ததைச் சொல்கிறேன். முனீஃப் வேறு மாதிரி எழுதுவான், நம்பாதே.

என் முறை உனக்குத் தெரியும். என் கணவர் இருந்தவரை என்னை இருட்டறைக்குள் விட்டதில்லை. அவர் போன பிறகு, படம் கழுவும் மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளில் இருந்த படங்களைப் பார்த்து நானே கற்றேன். ஆட்கள் அசையக் கூடாது, மூச்சுவிடக் கூடாது, வெளி ஆள் உள்ளே வரக் கூடாது. அதற்காகக் கதவைத் தாழ்போடுவேன். காமிராவை இயக்கும் ரப்பர்க் குழாயின் பந்தை என் கைக்குள் மறைத்துக்கொண்டு நானும் வரிசையில் நின்று அழுத்துவேன்.

எல்லோரையும் நிறுத்தினேன். முனீஃபும் நஸீஹும் பழக்கத்தில் நடுவே இடம் விட்டு நின்றார்கள். இருவர் முதுகிலும் கை வைத்துத் தள்ளினேன்.

"தோளை ஒட்டுடா முனீஃப்."

"ஒட்டித்தான் நிக்கறேன் அக்கா. இதுக்கு மேல ஒட்டணும்னா இவன் சட்டைக்குள்ளதான் போகணும்."

"அண்ணி, நடுவுல கொழுந்தன் இல்லாம கண்ணுக்கு என்னவோ மாதிரி இருக்கு," என்றாள் அத்லா.

"கண்ணுக்கு எப்படி இருந்தா என்ன? காமிராவுக்கு நல்லா இருக்கு. மூச்சைப் பிடிங்க."

முதல் கண்ணாடித் தகடு அருமையாக விழுந்தது. இரண்டாவது தகட்டைப் போட்டுவிட்டு வந்து நின்றேன். மறுபடி எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். அப்போது கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு உம்மு ஸுஹ்தி, "ஸபீஹா! ஸபீஹா!" என்கிறாள். எப்படிப் பதில் சொல்வது? மூச்சைப் பிடித்திருக்கிறோமே. அவள் மறுபடி கூப்பிட்டாள். பிறகு அந்தப் பெரிய உடம்போடு கதவில் மோதினாள். தாழ்ப்பாள் பிய்ந்து எங்கோ பறந்தது. கையில் மஅமூல் தட்டோடு உள்ளே வந்து விழப்போனவள், சுவரோரம் சிலைபோல் நின்ற எங்கள் நால்வரையும் பார்த்தாள்.

"அல்லாவே! எல்லாரும் நின்னுக்கிட்டே போய்ச் சேந்துட்டீங்களா?"

தட்டு சாய்ந்து மாச்சர்க்கரை முழுவதும் முனீஃபின் கறுப்புக் கோட்டில் கொட்டியது. தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றுகொண்டு அவன், உதட்டைக்கூட அசைக்காமல் சொல்கிறான்: "இன்னும் போகல உம்மு ஸுஹ்தி. அக்கா உத்தரவு வரல."

அதற்கப்புறம் ஒழுங்கு எங்கே? நஸீஹ் தட்டைப் பிடிக்கப் பாய்ந்தான். அத்லா தரையில் உட்கார்ந்துவிட்டாள். தெருப் பூனை ஒன்று உள்ளே வந்து முனீஃபின் காலணியை நக்க, அவன் ஒற்றைக் காலில் குதிக்கிறான். கையிலிருந்த ரப்பர்ப் பந்தை நான் எப்போது அழுத்தினேன் என்று தெரியவில்லை. ஒரு தகடு வீண். தாழ்ப்பாளும் போயிற்று.

முதல் தகட்டின் பிரிண்டைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒருவரும் அசையவில்லை, ஒருவர் கண்ணும் மூடவில்லை. இதுதான் படம்.

உன் அக்கா,
ஸபீஹா

*

டக்கார்
1962 மே 13

அன்புள்ள அக்காவுக்கு, வணக்கம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே வெயில் ஏறிவிட்டது, மழைக்கு இன்னும் நாளிருக்கிறது. நாளை மறுநாள் ஹஜ்ஜுப் பெருநாள். சந்தையில் ஆட்டு மந்தைக்கு நடுவில்தான் வழி தேட வேண்டும்.

படம் வந்தது. நன்றாக இருக்கிறது. எல்லோரும் ஆரோக்கியமாகத் தெரிகிறீர்கள். முனீஃப் அண்ணனின் தோளும் நஸீஹின் தோளும் நன்றாக ஒட்டியிருக்கின்றன. ஒரு தாள்கூட நுழையாது.

ஆடு வரைந்தது கடைக் கணக்குப்பிள்ளையின் குழந்தை. தாள் கிடைத்தால் விடாது.

உங்கள் முழங்காலைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

தம்பி,
வஹீப்

*

சூர்
1962 மே 31

தம்பி வஹீபுக்கு, இறைவன் உன்னைக் காக்கட்டும். எனக்கு முழங்கால் அப்படியேதான். முனீஃபுக்கு இருமல், ஆனாலும் பேச்சு நிற்கவில்லை.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இந்த முறையும் பின்பக்கம் ஆடு. கால் நான்காகியிருக்கிறது, முன்னேற்றம்தான். கணக்குப்பிள்ளையின் குழந்தை என்கிறாய். நீ எனக்குக் கடிதம் எழுதுவது எப்போதும் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை என்று நீதான் முன்பு எழுதியிருந்தாய். கடை மூடியிருக்கும்போது அந்தக் குழந்தைக்கு உன் வீட்டில் என்ன வேலை? பதில் வேண்டாம். சும்மா கேட்டேன்.

வேறு ஒரு சங்கதி. வீணான தகடு என்று எழுதினேனே, அதை நான் கழுவி மூலையில் வைத்திருந்தேன். முனீஃப் எனக்குத் தெரியாமல் யாரிடமோ பிரிண்ட் போட வைத்து, சலூன் கண்ணாடிக்கு மேலே மாட்டிவிட்டான். முடி வெட்ட வருகிறவர்கள் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேராக என் கடைக்கு வந்து, "எங்களையும் அந்த மாதிரி எடுங்க" என்கிறார்கள். எந்த மாதிரி? கோணலாக, பாதிப் பேர் கலங்கி, பூனையோடு! உம்மு ஸுஹ்தி இப்போது ஆட்கள் உட்கார்ந்ததும் வேண்டுமென்றே கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "அல்லாவே!" என்று கத்துகிறாள். சரிப்படவில்லை. சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருப்பவர்களின் முகம் பல் பிடுங்கக் காத்திருப்பவர்களின் முகம் போலிருக்கிறது. தெரியாமல் வந்தால்தான் வருகிறது. அதை எந்த மருந்துத் தாளிலும் போடவில்லை.

அந்தப் படத்தை இத்துடன் அனுப்புகிறேன். நல்ல படம் என்று நான் சொல்லவில்லை. வாயைத் திறந்துகொண்டு ஒரு கிழவி நிற்கிறாள், அது நான்தானாம்.

முனீஃபுக்கும் நஸீஹுக்கும் நடுவில் பார். அந்த இடத்தை நான் விடவில்லை. ஒருவன் தட்டுக்கு ஓடினான், ஒருவன் பூனைக்குக் குதித்தான், அதுவாக விழுந்த இடம். "பாத்தியா அக்கா, நீ தள்ளி மூடினாலும் அவன் வந்துட்டான்" என்கிறான் முனீஃப். பெட்டியைத் திறந்து உன் பழைய படத்தை எடுத்து அங்கே வைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் இடம் மிஞ்சுகிறது. ஒருவனுக்கு அது பெரிய இடம்.

ஒட்டவில்லை. கோடு போட்ட டை அங்கே பொருந்தவில்லை.

அக்கா,
ஸபீஹா

*

டக்கார்
1962 ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு, உங்கள் தம்பியின் ஸலாம். முனீஃப் அண்ணனின் இருமல் குறைந்ததா? தேனும் எலுமிச்சையும் கொடுங்கள்.

நீங்கள் அனுப்பிய படம் வந்தது, மேசைமேல் வைத்தேன். மறுநாள் கோட்டுப் போட்டுக்கொண்டு மொடூ என்பவரின் ஸ்டூடியோவுக்குப் போனேன். பின்னால் விமானம் வரைந்த திரை. கையில் கட்டிக்கொள்ள ஒரு கடிகாரம் கொடுத்தார், அது ஓடவில்லை. வழுக்கை தெரியாமலிருக்கத் தொப்பி போட்டுக்கொண்டேன். நீங்கள் சொல்லும்படி மூச்சைப் பிடித்து உட்கார்ந்தேன். மொடூ இரண்டு முறை எடுத்துவிட்டுத் தலையை ஆட்டினார். "முதலாளி, இது பாஸ்போர்ட்டுக்கா, வீட்டுக்கா? வீட்டுக்குன்னா அவங்க பயந்துருவாங்க."

மூன்றாவது முறை அவர் குனியும்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் ஆடு உள்ளே வந்தது. அதன் பின்னால், "ஸாம்பா! ஸாம்பா!" என்று கத்திக்கொண்டு ஒரு குழந்தை. குழந்தையின் பின்னால், தலைத்துணி அவிழ்ந்து ஒரு பெண். மூன்று பேரையும் நான் வெளியே மரத்தடியில் நிற்கச் சொல்லியிருந்தேன். ஆடு என் தொப்பியைக் கவ்வியது. குழந்தை ஆட்டின் காதைப் பிடித்துக்கொண்டு என் மடியில் ஏறியது. "எழுந்திரு ஸபி, அப்பா படம் கெட்டுப்போகும்" என்று அந்தப் பெண் அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மொடூ நிறுத்தவில்லை, எடுத்துக்கொண்டே இருந்தார். "ஆடு நல்லா நிக்குது, முதலாளி. நீங்களும் அப்படியே இருங்க!"

அந்தப் படத்தை அனுப்பியிருக்கிறேன். அந்தப் பெண் கும்பா. ருஃபிஸ்க் ஊர்க்காரி. அந்தக் குழந்தை கும்பாவின் குழந்தை. அதாவது, என் குழந்தை. அவளுக்கு ஆறு வயது. இங்கே, உயிரோடு இருக்கும் பெரியவர்களின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பார்கள். பெயருக்குரியவரின் குணமும் வரும் என்பார்கள். வந்திருக்கிறது. ஆடு போன வருடப் பெருநாளுக்கு வாங்கியது. அறுக்க விடவில்லை. இந்தப் பெருநாளுக்கும் விடவில்லை.

அக்கா, பொருந்தாவிட்டால் என்னை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எப்படி வெட்டுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

வஹீப்

*

சூர்
1962 ஜூலை 22

தம்பி வஹீபுக்கு, நலம். முனீஃபின் இருமல் தேனில் அடங்கிவிட்டது.

படத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். வெளிச்சம் இடப்பக்கம் அதிகம். திரையில் சுருக்கம். ஆட்டின் பின்பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. உன் மொடூவிடம் சொல், காமிராவை இன்னும் இரண்டு அடி பின்னால் தள்ளியிருக்க வேண்டும். முகங்களில் குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தேடினேன்.

உனக்கு வழுக்கை விழுந்ததைப் பார்க்க முனீஃப் சலூனையே பாதியில் விட்டுவிட்டு வந்துவிட்டான். ஒருவன் தலையில் சோப்பு நுரையோடு அங்கேயே உட்கார்ந்திருந்தான். "அப்பா தலை அக்கா, அப்படியே அப்பா தலை!" என்று அழுகிறான், சிரிக்கிறான். அத்லா படத்தைக் கையில் வாங்கி, "அண்ணி, கும்பா கண்ணு எவ்வளவு நேரா பாக்குது பாருங்க. நம்ம வீட்டுல ஒருத்தருக்கும் அப்படிப் பாக்கத் தெரியல," என்றாள். அது உண்மை. அவளை நான் காமிராமுன் ஒரு நிமிடம் உட்காரவைக்க வேண்டும்.

இப்போது உன்னிடம் சொல்ல வேண்டியது. இத்தனை வருடமும் கல்யாணமாகாத ஒருவனைப் பெருநாளுக்குப் பெருநாள் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். விளிம்பு தெரியாமல் ஒட்டினேன் என்று பெருமை வேறு. மனைவியையும் மகளையும் மரத்தடியில் நிற்க வைத்துவிட்டுத் தனியாகப் படம் எடுத்துக்கொள்ளப் போயிருக்கிறாய். எனக்கு அந்த ஆட்டின்மேல்தான் மரியாதை வருகிறது.

பெயர் விஷயம். அந்தப் பெயரை நான் இன்னும் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கிறேன். கேட்டுவிட்டு எடுத்திருக்கலாம்.

கத்தரியை எடுத்து உட்கார்ந்தேன். உன்னை வெட்டினால் குழந்தையின் கால் உன் மடியோடு வருகிறது. குழந்தையை எடுத்தால் ஆட்டின் காது அவள் கையில் இருக்கிறது. ஆட்டை எடுத்தால் உன் தொப்பி அதன் வாயில். கும்பாவின் கை குழந்தையின் தோளில். எங்கே வெட்டினாலும் யாருக்காவது காயம் படுகிறது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒட்ட மாட்டேன். இது என் முடிவு, மாறாது. பெருநாள் படத்தில் அந்த இடம் அப்படியே இருக்கும். நிற்க வேண்டியவர்கள் வந்து நிற்கட்டும்.

அக்கா,
ஸபீஹா

*

டக்கார்
1962 ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு, ஸலாம். கும்பாவும் உங்களுக்கு ஸலாம் சொல்கிறாள். உங்கள் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஆட்டின்மேல் மரியாதை என்ற இடத்தில், "உங்க அக்கா ரொம்ப நல்லவங்க" என்றாள். "முழுசாக் கேளு" என்றேன். "முழுசாக் கேட்டுட்டுத்தான் சொல்றேன்" என்கிறாள்.

கடையைக் கூட்டாளியிடம் சில மாதம் விட ஏற்பாடு செய்துவிட்டேன். அக்டோபர் கடைசியில் பெய்ரூத்துக்கு வந்து சேரும் கப்பலில் மூன்று பேருக்கு இடம் எடுத்திருக்கிறேன். ஆரஞ்சு பழுக்கும் நேரத்துக்கு அங்கே இருப்போம்.

ஒரே தொல்லை. ஆட்டைக் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். ஸபி இரண்டு நாளாகச் சாப்பிடாமல் படுத்திருக்கிறாள். ஆட்டை விட்டு வர மாட்டாளாம். எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை. இந்தக் குணம் எங்கிருந்து வந்தது என்று நான் எழுதவில்லை.

பின்பக்கம் அவள் வரைந்தது. அது நீங்கள்தானாம். காமிராவும் இருக்கிறது.

உங்கள் தம்பி,
வஹீப்

*

சூர்
1962 செப்டம்பர் 5

தம்பி வஹீபுக்கும், கும்பாவுக்கும், என் பெயரை எடுத்துக்கொண்டவளுக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் நலம். முழங்கால்கூடக் கொஞ்சம் பரவாயில்லை. விசாரிக்க வேண்டாம்.

வரைந்ததைப் பார்த்தேன். என் மூக்கு அவ்வளவு நீளமில்லை. காமிராவுக்குக் கால் மூன்று, சரியாக எண்ணியிருக்கிறாள். ஸ்டூடியோ முகப்பில் ஒட்டியிருக்கிறேன்.

முனீஃப் உன் தலையைத் தன் கையால்தான் மழிப்பேன் என்று கத்தியைத் தீட்டிக்கொண்டிருக்கிறான். அங்கே மழிக்க ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அத்லா பேரீச்சம்பழம், பிஸ்தா இரண்டும் வைத்து மஅமூல் செய்கிறாளாம். பெருநாள் இல்லாத மாதத்தில் எதற்கு என்று கேட்டதற்கு என்னை முறைத்தாள்.

குழந்தையிடம் சொல். உம்மு ஸுஹ்தியின் கொல்லையில் ஒரு வெள்ளாடு இருக்கிறது. குட்டி போடும் நாள். கண்ட தாளையும் தின்கிறது, குழந்தைக்குப் பிடிக்கும். சாப்பிடச் சொல்.

தச்சர் நேற்று புதுத் தாழ்ப்பாளோடு வந்தார். இரும்புத் தாழ்ப்பாள், யானை மோதினாலும் அசையாது என்றார். மார்ச்சிலிருந்து நான்தான் அவரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். கதவில் வைத்து அளந்துவிட்டு உளியை எடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

"ஏம்மா, உடைஞ்ச கதவோட எப்படிப் படம் எடுப்பீங்க?" என்றார்.

"அக்டோபர்ல ஒரு படம் இருக்கு. அது முடியட்டும், பாப்போம்," என்றேன்.

உன் படத்தை வைத்த அந்த நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா,
பெரிய ஸபீஹா